எலி விழுந்த இடம்

அன்பு மாறாத பாவாயி அக்காவுக்கு,

உன்னைக் கொன்றவர் நம் ஊர்ப் பண்ணைக்காரரான பண்ணாடி. பிளேக் பிறகுதான் வந்தது. தன் பருத்திக் கிடங்கில் செத்து விழுந்த எலிகளை நம் தெருவில் கொட்டச் சொன்னவர் அவர்.

எலி விழுந்தால் பின்னாலேயே பிளேக் வரும் என்று நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் எலி விழுந்த வீட்டைச் சர்க்கார் ஆட்கள் பூட்டி, கூரையைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அந்தப் பயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. ஓலைத் துண்டில் அள்ளி அடுத்தவன் வாசலில் வீசிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள். பண்ணாடி கைகூட கழுவவில்லை. வண்டிக்காரன் மாரப்பனை ஏவினார்.

சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். எலிகள் கிடந்த இடத்தைப் பார்த்தார். நம் கூரைகளைப் பிரித்தார்கள். கிடங்கு திறந்தே இருந்தது. ஏரிக்கரையில் சட்டிபானையோடு உட்கார்ந்திருந்தபோது நீ சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஊட்டுலதானே எலி உழுந்துச்சாம்? கிடங்குல ஒண்ணுமில்லையாமா. பருத்தி ஆய்ஞ்ச மாதிரியும் ஆச்சு, நெழல்ல இருந்த மாதிரியும் ஆச்சு. போயிட்டு வாரேன் சாமி."

தப்பித்துக்கொள்ளத்தான் அந்தக் கிடங்குக்கு வேலைக்குப் போனாய். காய்ச்சலோடு திரும்பி வந்தாய். தொடையிடுக்கில் கட்டி. உன்னைப் புதைத்துவிட்டு வரும் வழியில் மாரப்பன் என் கையைப் பிடித்து அழுதான். "சாக்குல கட்டிக் கொண்டாந்து கொட்டுனது நாந்தான். கிடங்கப் பூட்டிட்டா பருத்தி வெல போவாதுன்னாங்க."

இப்போது சண்டைக் காலம். மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை, துணி கிடைப்பதில்லை. பருத்திக்கு மட்டும் நல்ல விலை. உன் வீட்டுக்காரர், மச்சான், அதே கிடங்கில் மூட்டை தூக்குகிறார். போன வாரம் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கொட்டைக் குவியல்ல எலி கெடக்குது மாப்ள. வெளிய சொல்லிராத. கூலி போயிரும்."

"போன தடவ கூலி போவல. யாரு போனாங்க மச்சான்?"

"உங்கக்கா வாயி அப்படியே உனக்கு" என்றார். மறுநாள் கிடங்கில் இன்னொரு எலி விழுந்தது. அதை வெளியே வீசச் சொன்னார்கள். மச்சான் வீசவில்லை. ஒரு ஓட்டைச் சட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டு வந்துவிட்டார்.

தெருக் கூடிப் பேசினோம். இனி எலி விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். சட்டியால் மூடிவிட்டு எல்லாரையும் கூப்பிட வேண்டும். யார் வீட்டில் விழுந்தாலும் தெருவே ஒன்றாக வெளியேறும். அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? "எங்க ஊட்டுல எலி உழுந்தா எங்க மாமியார மொதல்ல அனுப்பறேன்" என்றாள் காளியம்மா. மாமியாரே சிரித்துவிட்டார். ஊசி போட ஆள் அனுப்பச் சொல்லித் திருச்செங்கோட்டுக்கு இரண்டு பேர் போயிருக்கிறார்கள். மூங்கிலும் ஓலையும் வெட்டி வைத்துவிட்டோம்.

குடிசை போட இடம்தான் இல்லை. சொந்தக் காடுகழனி உள்ளவர்கள் தங்கள் காட்டில் சாளை போட்டுக்கொள்வார்கள். நமக்கு ஏது காடு? ஏரிக்கு மேற்கே தரிசாகக் கிடக்கும் மேட்டுக்காடு பண்ணாடியுடையது. இன்று காலை நானும் மச்சானும் போய்க் கேட்டோம்.

"உங்க தெருவுல எலி உழுந்தா எங்கிட்ட எதுக்குடா வாரீங்க?"

"உழுந்தது உங்க கிடங்குலீங்க," என்றார் மச்சான். "சட்டிக்கடியில இருக்குது. வந்து பாருங்க."

இந்த முறை யாரும் அந்தக் கிடங்கு நிழலுக்குப் போக மாட்டார்கள். மச்சானையும் போக விட மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. பண்ணாடி பத்திரிகை படிக்கிறவர். அதனால்தான் இதை அச்சில் போடக் கொடுக்கிறேன். அவர் வாசலில் நின்று நான் கேட்டது இதுதான்:

"கிடங்கப் பூட்டுங்க. மேட்டுக்காட்டத் தொறந்து உடுங்க. எப்பங்க செய்வீங்க?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பருத்தி ஏற்றிய வண்டியைப் பார்த்தபடி நின்றார்.

உன் இடுப்பில் வளர்ந்த தம்பி,
பழனி