கடலடிச் சேறும் நம் வீட்டுக் கதவும்

நான் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டறியாத என் வீட்டுக்காரருக்கு,

இன்று உங்கள் திவசம். இலையில் வடையும், உங்களுக்குப் பிடித்த ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்தேன். பாயாசத்தில் இனிப்பு கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் வளர்த்த பேத்தி தேவிகா இந்த வருஷம் வரவில்லை. கோபிக்காதீர்கள். காலையில்தான் அவளுடைய கப்பல் கொழும்பை விட்டுக் கிளம்பியது. கடலுக்கு அடியில் கிடக்கும் சேற்றை அளக்கிற வேலை. கம்பிகள் பொருத்திய இரும்புச் சட்டத்தை இறக்கிச் சேற்றில் குத்தி நிறுத்துவார்களாம். ஒரு கம்பி ஒலி கொடுக்க, இன்னொன்று வாங்கிக்கொள்ளுமாம். ஒலி எவ்வளவு வேகமாய் வந்தது, எவ்வளவு தேய்ந்து வந்தது என்று பார்த்தால், அடியில் இருப்பது மணலா களியா என்று தெரிந்துவிடுமாம்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தானே நான், கேட்டேன்: "ஒரு வாளியில அள்ளிட்டு வந்து மேல வச்சுப் பாத்தா ஆகாதா?"

"அள்ளினா கொலஞ்சு போயிரும் அம்மாயி. மேல அழுத்துற தண்ணி பாரம் போயிரும், சூடு மாறிரும். பாக்க அதே சேறுதான், ஆனா சத்தம் வேற மாதிரி போகும். அது கெடக்குற எடத்துக்கு நாமதான் போகணும்."

சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா மாரியாயி விடுவாளா? "சேத்துக்குப் பாட்டுப் போட்டுக் காட்டவா ஒம் பேத்தி கேம்பஸ் போனா?" என்றாள். "ஒம் மகனவிட சேறு சொன்னாக் கேக்கும்டி" என்றேன். தோட்டத்து லயத்தில் அத்தனை வீடும் சிரித்தது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

காலையில் துறைமுகத்திலிருந்து போன் எடுத்தாள். "தாத்தாவுக்குப் படைக்கிற நாளு. தனியா இருப்பீங்களே, எறங்கி வந்துரவா?" இறங்கினால் அந்த வேலைக்கு வேறு ஆளை ஏற்றிவிடுவார்கள் என்று அவளே முன்பு சொல்லியிருந்தாள். வா என்ற சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டதுங்க. "மாரியாயி கூட இருக்கா, நீ போ" என்றேன். மாரியாயி அப்போதே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

நீங்கள் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தேன். திறக்கும் முன் மெதுவாய்த் தட்டி உங்களுக்குத் தெரியப்படுத்துவது எப்போதும் தேவிகாதான். பக்கத்தில் அவள் இருக்கிற நினைப்பிலேயே எழுந்து, தட்டாமல் திறந்துவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டீர்களா? இலை வைத்தபடியே இருந்தது. விளக்கு மட்டும் ஆடியது.

அவளிடம் இதைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த வருஷம் எந்தக் கடலில் இருந்தாலும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள். இனித் தட்டுவது நான்தான், மறக்கமாட்டேன். நீங்கள் நிதானமாய்ச் சாப்பிடுங்கள்.

உங்கள் பெண்சாதி,
தேவிகாவின் அம்மாயி