சைக்கிளடி வரை சென்று வழியனுப்பிய ஐயாவுக்கு

என் அன்பான ஐயா,

நீங்கள் இருக்கும் இடத்தில் படிகள் இல்லை என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

நான் இன்னும் ரயிலில் ஹோர்சன்ஸ் நகருக்குப் போய், அதே முதியோர் இல்லத்தில்தான் வேலை செய்கிறேன். சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பெடுக்கச் சொன்னார்கள். ஒரு முதியவர் தளர்ந்துபோவதை எப்படிக் கண்டுகொள்வது என்பது பொருள். முயலாமலே உடல் மெலியும். நடை மெதுவாகும். கதிரையை விட்டு எழும்ப இரண்டு கைகளும் தேவைப்படும். இதையெல்லாம் வயது என்று விட்டுவிடக் கூடாது, நேரத்தோடு கண்டால் நல்ல சாப்பாட்டாலும் பயிற்சியாலும் நிறையத் தடுக்கலாம் என்றேன். கைதட்டினார்கள்.

நீங்கள் இடுப்புப்பட்டியில் கத்தியால் புதிய ஓட்டை போட்டபோது நான் சொன்னது நினைவிருக்கிறதா? "சுகர் நல்லாய்க் குறைஞ்சிட்டுது போல, ஐயா." பஸ் தரிப்பிடத்துக்குப் போகும் வழியில் ஒருவரின் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். மழை வருமா என்று பார்ப்பதாகச் சொன்னீர்கள். டென்மார்க்கில் அது எப்போதும் செல்லுபடியாகும் காரணம். தளர்ச்சி, சீருடையில் இருக்கும்போது மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரியும்போலும்.

குளியலறையில் நீங்கள் விழுந்த பிறகுதான் கொம்யூனுக்கு, நம் நகரசபைக்கு, வீட்டு உதவி கேட்டு எழுதினேன். நிலைமையைப் பார்த்து எழுத அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். நீங்கள் காலையிலேயே சவரம் செய்து, கல்யாணங்களுக்குப் போடும் கோட்டை மாட்டியிருந்தீர்கள். கோட்டுக்குள் முக்கால்வாசி இடம் காலியாக இருந்தது.

"விழுந்தனீங்களோ எண்டு கேக்கிறா, ஐயா."

"சவர்க்காரம் வழுக்கினது எண்டு சொல்லு. அதுக்கும் அரசாங்கத்துக்கும் என்ன?"

மொழிபெயர்த்தேன். கொஞ்சம் மெருகூட்டியும் மொழிபெயர்த்தேன். உங்களால் முடியாதவற்றை உங்கள் முன்னாலேயே வரிசையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் புறப்பட எழுந்தாள். நீங்களும் எழுந்தீர்கள்.

"இருங்கோ ஐயா, நான் போய் விடுறன்."

"உனக்கென்ன விசரே? வீட்டுக்கு வந்த பிள்ளையைக் கதிரையில இருந்துகொண்டே அனுப்பிறதே?"

மூன்று மாடி, லிஃப்ட் இல்லை. அவளுடைய சைக்கிளடி வரை போய்க் கையசைத்தீர்கள். படிகளில் சிரமமில்லை, உதவி தேவையில்லை என்று கடிதம் வந்தது. அவள் பார்த்தது இறங்கியதை. ஒவ்வொரு படியிலும் குந்தியிருந்து நீங்கள் ஏறியதையும், கடைசி மாடிக்கு நான் தூக்கிவந்ததையும் அவள் பார்க்கவில்லை. பார்த்த நான் அவளைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லவில்லை. அடுத்த முறை நீங்கள் விழுந்தது அந்தப் படிகளில்தான். முறிந்த இடுப்பெலும்போடு மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் எத்தனை நாள் என்னைக் கோபித்திருப்பீர்கள்? கோபிப்பதற்காவது இருந்திருப்பீர்கள் அல்லவா?

இப்போதைய செய்தி இதுதான். அம்மாவும் மெலிந்துவிட்டார். உங்கள் கதிரையில் இரண்டு கையும் ஊன்றித்தான் எழும்புகிறார். செவ்வாய்க்கிழமை அவரைப் பார்க்கக் கொம்யூனிலிருந்து ஆள் வருகிறது.

"வாற பிள்ளைக்கு நாலு வடை சுடுவம், தம்பி. உளுந்து வாங்கிக்கொண்டு வா" என்றார். வடை சுடுபவருக்கு உதவி எதற்கு என்று எழுதிவிடுவார்கள் எனத் தெரிந்தும் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

வடைத்தட்டு நடுவில் இருக்க, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், அவரால் முடியாத எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொல்வேன். பிறகு அவர் என்னோடு கதைக்காமல் விட்டாலும் விடட்டும். இது சத்தியம், ஐயா. உளுந்து வாங்கிக் கொடுத்தவனின் சத்தியம் எவ்வளவு தாங்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நீங்கள் படியேறியதைப் பார்த்த ஒரே ஆள்,
உங்கள் மூத்த மகன்