கையேட்டின் தாழ்ப்பாள்

மார்ச் 3

எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.
1. நூலக மென்பொருளின் கையேட்டை எழுதி இணையத்தில் வெளியிடப் புதுக் கருவி எது?
2. மென்பொருள் குழுவின் பொறுப்பாளரிடம் அதை எப்படிச் சொல்வது?
3. எந்தக் கருவியானாலும் எழுதப்போவது நான் ஒருவன்தான். என் கைக்குப் படிவதே சரி.
4. கண் அறுவை சிகிச்சை, இதெல்லாம் முடிந்தபிறகு.

மார்ச் 5

பொறுப்பாளர் தொலைபேசியில் பேசினார். "பழைய கருவி இந்த மாசத்தோட நின்னுடும் சார். நீங்க இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை?"

கட்டற்ற மென்பொருள், யாருக்கும் சம்பளமில்லை, யாரும் யாரையும் கட்டிப்போடவில்லை. பிறகு ஏன் எனக்கு மட்டும் மூச்சு முட்டுகிறது? 'முடியாது' என்று சொல்ல வாயைத் திறந்தேன். "பார்க்கிறேன்" என்று வந்தது. பதினோரு வருடமாக அப்படித்தான் வருகிறது.

மார்ச் 9

இரண்டு கருவிகள் மிஞ்சின. ஒன்றில் எழுதிக் கொடுத்தால் அதுவே பக்கமாக்கித் தரும். சாவி என்னிடம் மட்டும். சுத்தமான வேலை. மற்றதில் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'திருத்து' என்று பொத்தான். யார் வேண்டுமானாலும் கை வைக்கலாமாம். சந்தைக்கடை!

இரண்டிலும் ஏழாம் அத்தியாயத்தை ஏற்றிப் பார்க்க வேண்டும். 'திரும்பி வராத புத்தகங்கள்.'

மார்ச் 10

கண் மருத்துவரின் தேதியை இரண்டாம் முறையாகத் தள்ளிவைத்தேன். மனைவி காபியை வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

"ஏங்க, அந்த மென்பொருள்காரங்க வேற கண்ணு வாங்கித் தருவாங்களா?"

"நான் விட்டா யாரு செய்வா?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

கேட்கவில்லை.

மார்ச் 12

ஏற்றியாயிற்று. எழுத்தெல்லாம் புகையாகத் தெரிகிறது.

மார்ச் 14

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! பொத்தான் உள்ள கருவியில் சோதனைப் பக்கத்தைப் பூட்டியதாக நினைத்தேன். கண் மங்கலில் 'பூட்டு' என்பதற்கு அடுத்த கட்டத்தில் குறி போட்டிருக்கிறேன். இரண்டு நாளாகக் கையேட்டின் தளத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடந்திருக்கிறது. யாரோ நான்காம் படியை மாற்றியிருக்கிறார்கள். என் பக்கத்தில்! அழித்துவிடலாமா? முதலில் படிப்போம் என்று பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

ஏதோ ஒரு சிற்றூரின் பெண் நூலகர் கீழே எழுதியிருந்தார்:

"ஐயா, நீங்க சொல்ற பொத்தானை எடுத்து ரெண்டு வருஷமாச்சு. அச்சடிச்ச கையேட்டுல சீட்டு எழுதி ஒட்டி வெச்சிருக்கோம். பக்கத்து நூலகங்கள்லயும் அப்படித்தான். இப்பதான் திருத்த வழி கெடச்சுது. தப்பா எடுத்துக்காதீங்க."

இரண்டு வருடம்! அவர் சொன்னதுதான் சரி.

மார்ச் 15

காலைக்குள் இன்னும் ஆறு திருத்தங்கள். ஒன்று மட்டும் தவறு. அதையும் வேறொருவர் சரிசெய்துவிட்டார், என்னைக் கேட்காமலே.

மார்ச் 17

பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டேன்: பொத்தான் உள்ள கருவி. "அப்ப நீங்க சார்?" என்றார். "வியாழக்கிழமை எனக்குக் கண் அறுவை சிகிச்சை" என்றேன்.

முதல் நாள் போட்ட வரிசையைத் திரும்பப் பார்த்தேன். 'எழுதப்போவது நான் ஒருவன்தான்' என்ற மூன்றாவது வரி தவறு. உதவிக்கு யாரும் வரவில்லை என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். வந்து நின்றிருக்கிறார்கள், கையில் சீட்டுகளோடு. தாழ்ப்பாள் என் பக்கம் இருந்தது.