ஒரு 'ஆல்ரெடி' செய்த வேலை

மார்ச் 3

தையல் கடையில் ஒரு கோட்டின் தோள்பட்டையைப் பிரித்துக் குறுக்கினேன். கை தைத்தது, மனம் அதில் இல்லை. வியாழக்கிழமை இவருக்குக் கழுத்துக் கட்டியை எடுக்கப்போகிறார்கள். குரல் நரம்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறதாம். நரம்பில் பட்டுவிட்டால் குரல் போகவும் கூடும் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். வீடு வரும்வரை இவர் வாய் ஓயவில்லை. "இருக்கும்போதே பேசித் தீத்துடறேன்" என்கிறார். சிரித்தேன். குளியலறைக்குள் போய் அழுதேன்.

மார்ச் 4

மகளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் யாராவது இங்கிலீஷில் கேட்டால் பதறாமல் பதில் சொல்லும்படி போனில் பாடம் எடுத்தாள். இத்தனை வருஷமா இந்த வெளிநாட்டு ஊர்ல குப்பை கொட்டறேன், எனக்கா தெரியாது?

மார்ச் 5

இவரை இப்போதுதான் உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் இவர் உடை மாற்றிக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்தாள் — முடியை உயரத் தூக்கிக் கட்டியிருப்பாள், இவர் அவளுக்குக் குதிரைவால் என்று பெயர் வைத்திருக்கிறார். இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லைதானே என்று இங்கிலீஷில் கேட்டாள். வாசலில் பெயர் பதிந்தவரிடம் இதையே முன்னாடி சொல்லியிருந்தேன். அதனால், "யெஸ், ஆல்ரெடி" என்றேன். அவள் முகம் மாறியது. ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நேரம் போனது, கூப்பிடவில்லை. பக்கத்துக் கட்டில்காரரை அழைத்துப் போனார்கள். பிறகு இவருக்கு ரொட்டியும் டீயும் வைத்த தட்டு வந்தது. பசியில் இருந்த மனுஷன், கை ரொட்டிக்குப் போய்விட்டது. ஏன் தட்டு? ஆபரேஷனுக்கு முன்னால தட்டு எதுக்கு? கையைப் பிடித்து இழுத்தேன், டீ என் புடவையில் கொட்டியது. ஓடிப் போய்க் குதிரைவாலைப் பிடித்தேன். சாப்பிட்டாயிற்று என்று நான்தான் சொன்னேனாம். அதனால் இன்றைய ஆபரேஷன் இல்லையாம்.

ஐயோ, நானா சொன்னேன்? "நோ ஈட், நோ ஈட்" என்றேன். வாயில் வேறு இங்கிலீஷே வரவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. வந்து இவரிடமே நிதானமாகக் கேட்டாள். பிறகு டாக்டரைத் தேடிப் போனாள். தான் சரியாகக் கேட்கவில்லை, தப்பு தன்னுடையது என்று அவரிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் கடுகடுவென்று ஏதோ சொன்னார். கடைசி ஆளாகச் சேர்த்துக்கொண்டார்.

உள்ளே போகும்போது இவர் சொன்னது: "உன் புண்ணியத்துல இன்னும் கொஞ்ச நேரம் பேசக் கெடச்சுது."

மார்ச் 5, சாயங்காலம்

கட்டியை எடுத்துவிட்டார்கள். பயப்படும்படி இல்லையாம். குரல் — தெரியவில்லை.

மார்ச் 6

குதிரைவால் ஓய்வு நேரத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் இங்கிலீஷ் பிறந்த வீட்டு மொழி இல்லை. அவர்கள் மொழியிலும் நம்மைப் போலத்தானாம். 'சாப்பிடலையா' என்றால் 'ஆமா, சாப்பிடல.' இங்கிலீஷில் அங்கே 'நோ' சொல்ல வேண்டும். ஆல்ரெடி என்பது முடிந்துபோன காரியத்துக்கு. நடக்காததற்கு 'நாட் யெட்' என்று மட்டும் சொல்லிவிடு, யாருக்கும் குழப்பம் வராது என்றாள்.

யோசித்தால் சிரிப்பு வருகிறது. 'ஆல்ரெடி சொல்லிட்டேன்'ல சொல்லிட்டேனை முழுங்கிட்டு ஆல்ரெடியை மட்டும் துப்பினா, அவதான் என்ன செய்வா, பாவம்.

மார்ச் 9

வீட்டுக்கு வந்துவிட்டோம். குரலுக்குப் பதில் காற்றுதான் வருகிறது. கரண்டியால் டம்ளரைத் தட்டி என்னைக் கூப்பிடுகிறார். குரல் வந்ததா என்று மகள் போனில் கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். 'இல்லை' என்று சொல்ல நாக்கு எழவில்லை. "நாட் யெட்" என்றேன்.

மார்ச் 12

இன்றும் டம்ளர்தான்.

மார்ச் 19

ஆஸ்பத்திரியில் பரிசோதனை. நரம்பு அறுபடவில்லை, வீங்கியிருக்கிறது, பொறுங்கள் என்றார் டாக்டர். குதிரைவாலின் சட்டைப்பை பிய்ந்து தொங்கியது. மேல்சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டேன், ஊசி நூல்தான் எப்போதும் பையில் இருக்குமே. அவள் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து, முடியவில்லையா என்று கேட்காமல், முடிந்துவிட்டதா என்று கவனமாகக் கேட்டாள். "யெஸ், ஆல்ரெடி" என்றேன். இருவரும் சிரித்த சிரிப்பில் இவரும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

அவள் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் அன்று எங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அவள் நன்றாக இருக்கட்டும்.

ஏப்ரல் 16

கடையிலிருந்து வந்தேன். பக்கத்து வீட்டம்மா கதவருகே காத்திருந்தார். மதியமெல்லாம் டிவி சத்தம் தாங்கவில்லை, குழந்தை தூங்கவில்லை என்று குறைப்பட்டார். எங்கள் டிவி பழுதாகி ஒரு வாரம் ஆகிறது. உள்ளே இவர் தம்பியோடு போனில் உரத்த குரலில் கிரிக்கெட் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.