ஏரிப் பாதையில் ஆடுகள்

நவ. 16, ஞாயிறு
காலையில் தூறல். ஒன்பதுக்கு மேல் வெயில். கடையின் முப்பத்திரண்டு வாடகை சைக்கிளும் வெளியே. இரண்டில் செயின் கழன்றது, பாஷா பாய் மாட்டினார். ஹெல்மெட் வார் வாங்க வேண்டும்.

பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி அம்மா, பன்னிரண்டு பேரோடு. பிடித்துப்போனால் மாதாமாதம் ஆட்களை அனுப்புவதாகப் பேச்சு. அதனால் நானே கூட ஓட்டிப் போய் ஏரியைச் சுற்றிக் காட்டினேன். மலை நிழல் தண்ணீரில் விழும் இடத்தில் போட்டோ. அங்கே பெஞ்சு போட வைத்ததும் நான்தான்.

அடுத்த வளைவில் ஆடுகள். பதினோரு உருப்படி. பின்னால் முனியம்மா அக்கா. என் கூடப் பிறந்தவள்.

கம்பெனி அம்மா பிரேக் பிடித்துக் காலை ஊன்றினார். "என்ன சார், இதெல்லாம் இங்க விடுவாங்களா?"

நான் அக்காவைப் பார்த்துச் சொன்னது: "ஏம்மா, போர்டு பாக்கலையா? சைக்கிள் போற வழி இது. சுத்திக்கிட்டுப் போ."

அக்கா என்னைப் பார்த்தாள். அந்த அம்மாவைப் பார்த்தாள். "சரிங்க சார்" என்றாள். ஆடுகளைக் கீழே சேற்றில் இறக்கினாள்.

அவ்வளவுதான் நடந்தது. எழுதினால் சின்னதாகத்தான் இருக்கிறது.

நவ. 17, திங்கள்
கூட்டமில்லை. டயர் மூன்று மாற்றம்.

அந்த போர்டை வைத்தவனும் நான். போன மழையில் ஆட்டுப் புழுக்கையில் வழுக்கி ஒரு பெண் விழுந்தாள், முழங்கையில் சிராய்ப்பு. பாதைக் கமிட்டியில் பேசி அடுத்த வாரமே 'ஆடு மாடுகளுக்கு அனுமதி இல்லை'. அதில் தப்பில்லை, தொழில். அக்காவிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதைக்கூட விடலாம். யாரோ மாதிரிப் பேசினேனே, அதுதான் விட மாட்டேன் என்கிறது.

பாஷா பாய் காற்றடித்துக்கொண்டே: "மொதலாளி, நேத்து ஒங்கக்காவயே அடையாளம் தெரியலையாமே. கண்ணாடி மாத்துங்க." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சின்ன வயதில், மணிக்கணக்கு வாடகை சைக்கிளில் எனக்கு ஓட்டப் பழக்கியது அக்கா. சீட்டைப் பிடித்துக்கொண்டு இதே கரையில் ஓடினாள்.

நவ. 20, வியாழன்
மேகமூட்டம். ஓசூரிலிருந்து டியூப் வந்தது. ஒரு டஜன் குறைவு, போன் போட்டுத் திட்டினேன்.

அக்கா நான்கு நாளாக ஹைவே ஓரமாகச் சுற்றி ஓட்டுகிறாளாம். லாரிக்கு நடுவில், முட்டி வலியோடு. அக்கரையை விட்டால் அவள் ஆடுகளுக்கு மேய்ச்சல் கிடையாது. மாமா போன பிறகு அவளுக்கு அந்த ஆடுகள்தான். மகன் ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட், எப்போதாவது வருவான்.

மதியம் வீட்டுக்குப் போனேன். "வாங்க" என்றாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு நான் "டேய் மாதேசு".

"என்னக்கா, வாங்க போங்கன்னு?"

"நாலு பேரு மதிக்கிற ஆளுங்க நீங்க. மோர் குடிக்கிறீங்களா?"

"பாதையிலயே ஓட்டுக்கா. நான் பாத்துக்கறேன்."

"வேணாங்க. நாளைக்கு குந்தாரப்பள்ளி சந்தைக்கு நாலு போவுது. மிச்சத்தயும் அடுத்த வாரம் தள்ளிட்டா, நடக்கற வேலையே இல்ல."

தப்புப் பண்ணிட்டேன் என்று சொல்லத்தான் போனேன். எந்தக் கம்பெனி வாசலிலும் பேசி முடிக்கிற வாய். மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

நவ. 21, வெள்ளி
சந்தைக்குப் போனேன். நல்ல நெரிசல். அக்கா நான்கு ஆட்டையும் ஒரே கயிற்றில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். தரகரும் வாங்குகிறவரும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசிக்கொண்டார்கள். விரல் கணக்கு அவளுக்குத் தெரியாது. வாயால் சொன்ன விலைக்குத் தலையாட்டினாள். குறைத்துவிட்டார்கள் என்று எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. தரகர் எனக்குப் பழக்கம். பக்கத்தில் போய் நின்றாலே போதும்.

போகவில்லை. டீக்கடைத் தட்டி மறைவில் நின்றேன். "நீங்க யாருங்க?" என்று கேட்டுவிடுவாளோ என்று பயம்.

நவ. 22, சனி
போர்டைக் கழற்றினேன். ஸ்பானர் வைத்து, நானே. கமிட்டித் தலைவர் போனில் சத்தம். "ஆடு போனதும் பாதையக் கூட்டிவிடறது என் பொறுப்பு" என்றேன், அடங்கினார்.

பாஷா பாய்: "இவ்ளோதான் வேலையா? மொதல்லயே தோணலையா மொதலாளி?"

தோன்றியது. அந்தப் போர்டு வைத்த அன்றைக்கே தோன்றியது. தினமும் விளக்குமாறு பிடிக்க ஆள் தேட வேண்டுமே என்று விட்டேன்.

நவ. 23, ஞாயிறு
பனி. எட்டு மணிக்கே கூட்டம். கடையை பாஷா பாயிடம் விட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போய், பட்டியை நானே திறந்துவிட்டேன். ஏழு ஆடுகள். "என்ன பண்றீங்க, விடுங்க" என்று பின்னாலேயே வந்தாள். ஆடுகள் கேட்குமா, பழைய வழியைப் பிடித்தன. நான் வேப்பங்கிளையோடு முன்னால், அவள் பின்னால்.

பெஞ்சு பக்கத்தில் அதே கம்பெனி அம்மா. இந்தத் தடவை வீட்டுக்காரர், பிள்ளைகளோடு. "சார், நீங்களா? இவங்க யாரு, நிம்மவரா, ஒங்க ஆளா?"

"கூடப் பொறந்த அக்கா. போன வாரம் ஒங்க முன்னாடி தெரியாத மாதிரி பேசிட்டேன்." சத்தமாகவே சொன்னேன். நாலைந்து சைக்கிள் நின்றுவிட்டது.

அந்த அம்மா அக்காவிடம் திரும்பினார். "ஹௌதா, நெஜமா? ஒங்க தம்பியா?"

அக்கா என் கையிலிருந்த கிளையை வாங்கிக்கொண்டாள்.

"இல்லம்மா. நல்ல மனுசன், எங்கள மாதிரி ஆளுங்க மனசு நோகக்கூடாதுன்னு சொல்றாரு. நீங்க பாத்து ஓட்டுங்க, வழுக்கும்."

ஆடுகளை முடுக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் விளக்குமாறு எடுத்துப் போகவில்லை. எல்லாரும் பார்க்க, புழுக்கையைச் செருப்பால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே பின்னால் நடந்தேன்.