பிலோமினா அக்காவின் வெள்ளிக்கிழமைச் சட்டி

2025 பெப்ரவரி 7, வெள்ளி, இரவு 10.40. மேல்வீட்டு பிலோமினா அக்கா சாப்பாடு கொண்டுவந்த ஆறாவது வெள்ளி.

அம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேஷன் நடந்ததிலிருந்து இப்படித்தான். இந்தப் பனியில் ஜான்-டலோன் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிச் சமைக்கிறார். நான் ஹீட்டிங் டெக்னீஷியன். காரணமில்லாமல் எதுவும் சூடாகாது. அக்கா மன்னார் வேதக்காரர், கத்தோலிக்கர். நாங்கள் சைவ சமயம், வெள்ளியில் மரக்கறிதான். இன்று வீட்டுச் சாவியும் கேட்டார், அம்மா எழும்பிக் கதவு திறக்க வேண்டாமாம். நேரே கேட்டேன்.

“அம்மாவை வேதத்துக்கு மாத்தப் பாக்கிறியளோ?”

“கொம்மாவையோ? என்ர பருப்பில உப்பில்லை எண்டுற கதையையே மாத்தேலாமக் கிடக்கு.”

“அப்ப ஏன் இவ்வளவும்?”

“அவ சாப்பிடேக்க பூசை கண்ட மாதிரி இருக்கடா.”

நம்பவில்லை. அவர் போனதும் சட்டியை மோந்து பார்த்தேன். மீன் வாசம் துளியும் இல்லை.

“அது எனக்கெண்டே வாங்கின சட்டி. மீன் மச்சம் படவிடமாட்டா,” என்றார் அம்மா.

அக்கா அதை என்னிடம் சொல்லிக்காட்டவே இல்லை. அதுதான் இடிக்கிறது.

நாளை:
1. சாவி ஒன்று வெட்டுவிக்க வேண்டும்.
2. கதவில் பூட்டியிருக்கிற கமெரா அப்படியே இருக்கட்டும்.
3. சட்டியை நானே கழுவ வேண்டும். எங்கள் மீன்சட்டி தேய்க்கும் பஞ்சு அதில் படக்கூடாது.