வேடமின்றி அனுமதி இல்லை

சனி, 11 ஒக்டோபர் 2008. பான், ஜேர்மனி.

நான், சில்வெஸ்டர் மரியதாஸ், வயது ஐம்பது, மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் தராசுகளின் துல்லியத்தைச் சரிபார்ப்பவன். இந்தக் குறிப்பேட்டை ஒரே நோக்கத்துக்காகத் திறக்கிறேன்: இம்மாதம் 31ஆம் திகதிக்கு முன் எனக்கொரு ஹலோவீன் வேடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

காரணம், கொலோனிலிருந்து வந்த அழைப்பிதழ். எழுதியவர் ஜூலியன். என் மகள் லவினியா அவரோடுதான் வாழ்கிறாள். திருமணமாகாமல் அவள் அங்கே குடிபோனபோது, சென்ற ஆண்டு ஏப்ரலில், ஏழு நிபந்தனைகளை இலக்கமிட்டு அவளுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. பதினெட்டு மாதங்களாக அவளுடைய குரலையும் நான் கேட்கவில்லை.

அழைப்பிதழில் மூன்றே விவரங்கள்: வெள்ளிக்கிழமை, ஏழு மணியிலிருந்து, வேடமின்றி அனுமதி இல்லை. கடைசி வரியின் கீழே கோடிட்டிருக்கிறது. லவினியாவின் பெயர் எங்கும் இல்லை. இவர் எழுதியது அவளுக்குத் தெரியுமா?

திங்கள், 13 ஒக்டோபர்

வளர்ந்தவர்களுக்கான வேடங்கள் என்று கணினியில் தேடினேன். நூற்றுக்கு மேல் கிடைத்தன. பெரும்பாலானவை சோடி வேடங்கள் — உப்புக்குப்பியும் மிளகுக்குப்பியும், பூட்டும் திறப்பும். தனி ஆளுக்கு உரியவற்றைப் பிரித்தெடுத்ததில் பக்கம் பாதியாகக் குறைந்தது.

வியாழன், 16 ஒக்டோபர்

வேலை முடிந்து கடைக்குப் போனேன். விற்பனைப் பெண் "பிள்ளைக்கு எத்தனை வயது?" என்று கேட்டாள். "ஐம்பது" என்றேன்.

இரத்தக்கறை படிந்த வைத்தியர் அங்கி இருந்தது. தலையில் கட்டுப்போட்ட காயக்காரன் இருந்தான். கட்டின் மீது சிவப்புச் சாயம், விளிம்பில் கொஞ்சம் மண்ணிறம். செய்தவர் கவனித்துத்தான் செய்திருக்கிறார். மன்னாரில், தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில், உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்தவர்களின் கட்டுகளும் அதே நிறம்தான். அதைத் திரும்பக் கொளுவிவிட்டேன். கறுப்புத் துணியில் வெள்ளை எலும்புகள் வரைந்த உடையைப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் விலா எலும்புகள். மனைவி புஷ்பமலரைக் கடைசி மாதத்தில் குளிப்பாட்டியவன் நான். கழற்றுவதற்குள் ஸிப் இறுகிக்கொண்டது, வரவேயில்லை, சீ, என்ன உடுப்பு இது — அந்தப் பெண் வந்துதான் கழற்றிவிட்டாள்.

மனைவி போய் மூன்று வருடம். கடையில் நான் எதுவும் வாங்கவில்லை.

ஞாயிறு, 19 ஒக்டோபர்

தமிழ்ப் பூசை முடிந்ததும் பேர்பெச்சுவா அக்காவிடம் பேசினேன். எங்கள் ஆட்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவர் அவர்தான்.

"பேய்வேஷமோ? தம்பி, அடுத்த நாள் சகல புனிதர் திருநாள். உமக்கு வெக்கமில்லையே?"

"பேய் எண்டு சொல்லேல்லை அக்கா. ஏதாவது ஒரு வேஷம்."

"உம்மைப் பார்த்து ஆர் பயப்பிடப்போகினம்?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்டு செய்யும். உயிர்ப்பு விருந்தில வாசலில நிண்டு எல்லாரிட்டையும் டிக்கெட் கேட்டீரே, அப்பிடியே நில்லும். பாதரே நடுங்கிப்போய் வீட்டை ஓடி டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தவர்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொன்னேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

திங்கள், 20 ஒக்டோபர்

பாதரை நான் அனுப்பியிருக்கக் கூடாதோ?

வியாழன், 23 ஒக்டோபர்

தீர்மானம்: ட்ராமில் பயணச்சீட்டுப் பரிசோதகர். இந்நாட்டில் எல்லோரும் அஞ்சும் ஒரே மனிதர் அவர்தான், ஹலோவீனுக்குப் பொருந்துகிறார். என்னிடமுள்ள கடும்நீல மேலங்கி போதும். உண்மையான சீருடையைப் போல இருந்தால் சட்டப் பிரச்சினை வரலாம் என்பதால், இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரைச் சட்டைப்பையில் தைக்கும்படி அக்காவிடம் எழுதிக் கொடுத்தேன். "இதிலயுமோ சட்டம்?" என்றார். தைத்துத் தருவார்.

செவ்வாய், 28 ஒக்டோபர்

அவள் கதவைத் திறந்து, என்னைக் கண்டதும் மூடிவிட்டால்? அதற்கு எந்த உடுப்பைப் போட்டு என்ன?

வெள்ளி, 31 ஒக்டோபர். மாலை 4.50.

சவரம் செய்தாயிற்று. ஐந்தரை ட்ராமில் புறப்படுகிறேன்.

சனி, 1 நவம்பர். காலை.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

ட்ராமில் வெக்கை. மழைக்கோட்டைத் திறந்ததும் எதிரே இருந்த மூதாட்டி அவசரமாகக் கைப்பையைத் துழாவிச் சீட்டை நீட்டினார். நான் மறுத்திருக்க வேண்டும். பார்த்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் புன்னகைத்தார். ட்ராமில் என்னைப் பார்த்து யாரும் புன்னகைத்து வெகுகாலம். இது குற்றமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

சரியாக ஏழு மணிக்கு மணியை அழுத்தினேன். லவினியாவே திறந்தாள். ஒரு கன்னம் பச்சை, மறுகன்னம் அவளுடைய நிறம்.

"அப்பா? ஏழு மணிக்கே வந்திட்டீங்கள்? எட்டரைக்கு முதல் ஒருத்தரும் வரமாட்டினம்!"

"ஏழு மணியிலயிருந்து எண்டுதானே இருந்தது."

"அதுக்காக ஏழு மணிக்கு ஆர் வருவினம்!" ஜூலியன் ஐஸ் வாங்கப் போயிருந்தார். "அவர்தான் உங்களுக்கு எழுதுவம் எண்டவர். நான் வேண்டாம் எண்டனான். பிறகு, ஓம் எண்டனான்." சட்டைப்பையைப் பார்த்தாள். "இதென்ன வேஷம்?"

"கொன்ட்ரோலர்."

சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

"இது வேஷமோ அப்பா? இந்த ஆளோடதானே இருபத்து மூண்டு வருஷம் இருந்தனான்."

படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது. இருட்டில் அவள் கேட்டாள்: "இப்ப கேள்வி கேக்க வந்தனீங்களோ, இருக்க வந்தனீங்களோ?"

"இருக்க."

"அப்ப உதைக் கழட்டிப்போட்டு உருளைக்கிழங்கை உரியுங்கோ. முப்பது பேருக்கு ரோல்ஸ், ஒண்டும் முடியேல்லை."

"வேஷமில்லாமல் அனுமதி இல்லை எண்டு..."

"அப்பா!"

கழற்றினேன். ஒரு மணி நேரம் இருபது நிமிடம் உரித்தேன், மசித்தேன். அவள் பொரித்தாள். உப்புப் பார்க்கச் சொன்னாள், குறைவு, "அளவாயிருக்கு" என்றேன். ஜூலியன் வந்து கைகொடுத்தார். அவருடைய கை ஐஸால் குளிர்ந்திருந்தது, என்னுடையதில் உருளைக்கிழங்கு ஒட்டியிருந்தது. இருவரும் துடைத்துக்கொண்டு மறுபடி கொடுத்தோம்.

விருந்தாளிகள் வந்ததும் மேலங்கியைப் போட்டுக்கொண்டேன். வரிசையாக நின்று சீட்டுக் காட்டிச் சிரித்தார்கள். பத்து நிமிடத்தில் அந்தப் பகிடி தீர்ந்தது. பிறகு குளிர்சாதனப் பெட்டியருகே நின்றேன். பியர் எடுக்க வந்தவர்களுக்கு விலகி வழிவிட்டேன். ஒன்பதரைக்குப் புறப்பட்டேன்.

லவினியா தெருக்கதவுவரை வந்தாள். "நாளைக்கு அம்மாவிட்ட போவீங்கள்தானே? எத்தினை மணிக்கு?"

"இரண்டரைக்கு."

"நாங்களும் வாறம். ரெண்டுபேரும்."

நான் ஞாயிறுதோறும் சேமக்காலைக்குப் போகிறவன். நான் வைக்காத பூக்கள் கல்லறையில் பலமுறை இருந்திருக்கின்றன, வாடிய அளவைப் பார்த்தால் வியாழன், வெள்ளியில் வைத்தவை. என்னைச் சந்திக்காமலிருக்க அவள் நாளைக் கணக்கிட்டிருக்கிறாள். அதை இத்தனை காலம் எனக்கு எதிரான ஒன்றாகவே எண்ணினேன். தாயோடு தனியே பேச அவளுக்கு வேறு வழி இருந்ததா?

இன்று ஜூலியனை அவள் தாய்க்குக் காட்டப்போகிறாள். நான் பக்கத்தில் நின்றால் வாய் திறக்க மாட்டாள். பூவைச் சரிசெய்வாள், மெழுகுதிரியைச் சரிசெய்வாள், என் முகத்தைப் பார்ப்பாள். பாதர் கல்லறைகளை ஆசீர்வதிக்க வருவது மூன்றரைக்கு. நான் கால் மணி நேரம் பிந்தினால் போதுமா? போதாது.

இரண்டரை என்று நானே சொன்னேன். சொன்ன நேரத்துக்கு நான் வராத நாள் ஒன்று இதுவரை இல்லை. இன்று, முழு அறிவோடு, மூன்று மணிக்குப் போகப்போகிறேன்.